பதினோராம் எண் முட்டை

என் பெண்ணை இன்னொருத்தி தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். அதைத் தடுக்க நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். எனக்குக் கோபம் அதிகம். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

முட்டைகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பதினோரு வருட வேலை. இருட்டறை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேஜை. அதன்மேல் முட்டைகள் வரிசை வரிசையாக உருண்டு வரும். ஓட்டுக்குள் வெளிச்சம் புகுந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். மயிரிழைக் கீறல், ரத்தப் பொட்டு, மெலிந்த ஓடு, எதுவும் தப்பாது. ஒரு நாளைக்கு இருபதாயிரம் முட்டையாவது என் கண்ணைத் தாண்டிப் போகும். சந்தேகம் வந்தால் கையில் எடுத்து, இன்னொரு முட்டையோடு லேசாகத் தட்டிக் கேட்பேன். நல்ல முட்டை கணீரென்று சொல்லும். கீறல் விழுந்தது சொத்தையாகச் சத்தம் போடும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, காது பழகினால் போதும்.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. போன இடம் ஒன்றும் தூரமில்லை, நான்கு பஸ் நிறுத்தம். அங்கே ஒரு தையல்காரி. அவளுக்குப் பெயர் இருக்கிறது, என் வாயில்தான் வராது. பேசி முடித்த ஏற்பாட்டின்படி என் பெண் ஐந்து நாள் என்னோடு, சனி ஞாயிறு அவர்களோடு. முதல் வருடம் போகும்போது அழுதாள். இரண்டாம் வருடம் அழவில்லை. மூன்றாம் வருடம் அந்தத் தையல்காரியைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள். சொந்தத் தங்கை ஒருத்தி எனக்கு இருந்திருந்தால்கூட அவ்வளவு வாஞ்சையாகக் கூப்பிட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

இந்த வருடம், அவளுக்குப் பதினாறு முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா, நான் அப்பா வீட்லயே இருந்துக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"ஏன், இங்க உனக்கு என்ன கொறை?"

"கொறைன்னு இல்ல. அங்க யாரும் கத்த மாட்டாங்க."

"நான் கத்துறேனா?" என்று கத்தினேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். நான் பின்னாலேயே போய், முடிவு பண்ணிவிட்டாயா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. இந்த முட்டைப் போட்டி முடியட்டும், சொல்றேன்."

அவர்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சார் வருடா வருடம் நடத்தும் போட்டி அது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பச்சை முட்டையைக் கீழே போட வேண்டும். அது உடையாமல் இருக்க ஒரு கூடு செய்துகொள்ளலாம். பாராசூட் கூடாது. முட்டை பிழைத்த கூடுகளில் எது எடை குறைவோ அதற்குத்தான் பரிசு.

முட்டை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தொழிலாயிற்றே. "இதுக்கெல்லாம் யார்கிட்டயும் போகாத, அம்மா இருக்கேன்" என்றேன். தொழிற்சாலையிலிருந்து காகிதக்கூழ் அட்டைத் தட்டுகள் கொண்டுவந்தேன். முட்டையைக் கூரான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, மேலும் கீழும் நான்கு நான்கு அட்டை அடுக்கி, சுற்றிலும் பஞ்சு வைத்து, டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். செங்கல் கனம் கனத்தது. எங்கள் வீடு இரண்டாம் மாடி. பால்கனியிலிருந்து போட்டுப் பார்த்தோம். உடைந்தது. இன்னும் பஞ்சு, இன்னும் டேப். அதுவும் உடைந்தது. ஒரே மாலையில் ஆறு முட்டை. கீழ் வீட்டுக்காரர் வந்து, வாசலெல்லாம் பிசுபிசு என்று இருக்கிறது, உங்களுக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அம்மா, நீ இறுக்கிக் கட்டுறதுதான் தப்பு" என்றாள் என் பெண். "முட்டை விழுறதுனால உடையல. சட்டுன்னு நிக்கிறதுனாலதான் உடையுது. மெதுவா நிக்க வைக்கணும். உள்ள கொஞ்சம் ஆடணும், இழுபடணும்."

"பதினோரு வருஷமா முட்டையோட பொழங்குறவளுக்கு நீ பாடம் எடுக்காத."

"உனக்கு உடைஞ்ச முட்டையக் கண்டுபிடிக்கத்தான்மா தெரியும்."

சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த டேப் உருளையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சனிக்கிழமை காலை அவள் அப்பா வீட்டுக்குப் போனபோது அந்த அட்டைகளைத் தொடக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவளைக் கொண்டுவந்து விட அந்தத் தையல்காரியே வந்தாள். வழக்கமாகக் கீழேயே நின்றுவிடுகிறவள் அன்றைக்கு மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் உறிஞ்சுகுழல்களைக் கோத்துக் கட்டிய ஒரு கனசதுரக் கூடு. நடுவில் பழைய காலுறைத் துணியில் தைத்த ஒரு சின்னப் பை, எட்டு மூலையிலிருந்தும் மெல்லிய எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டியிருந்தது. பைக்குள் முட்டை போகும். எந்தப் பக்கமும் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தையல் ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி ஒரே அளவு. நாற்பத்தொரு கிராம்தான் என்று என் பெண் பெருமையாகச் சொன்னாள்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் தையல்காரி. "கூரான பக்கம் கீழ இருக்கணுமா, மேல இருக்கணுமா? உங்களுக்குத்தான் தெரியும்னு பாப்பா சொன்னா."

அவள் என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டதைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்வேன். இந்த அக்கா இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன். "எனக்கு உடைஞ்ச முட்டையக் கண்டுபிடிக்கத்தான் தெரியும்."

என் பெண் முகம் கறுத்துவிட்டது. தையல்காரி ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு, "சரி அக்கா, நாங்களே போட்டுப் பாத்துக்குறோம்" என்று இறங்கிப் போனாள். நாங்களே என்ற அந்த வார்த்தையை நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூப்பிட்டார். போன வருடப் போட்டியில் ஒரு முட்டையில் கீறல் இருக்கிறது, இல்லை என்று பெற்றோர் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அதனால் இந்த வருடம் முட்டைகளையும் கொடுத்து, உடைந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு ஆளையும் அனுப்பும்படி பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள்.

"நீதான் போற. நானும் கூட வரேன்" என்றார். "நம்ம பேரப் பெருசா எழுதி மாட்டுறாங்க. மானத்த வாங்கிடாத."

என் பெண்ணும் போட்டியில் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் இயற்பியல் சாருக்குப் போன் போட்டுச் சொன்னார். சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கூட்டைப் பிரிப்பது திரைக்குப் பின்னால், அவர் கையால். முட்டையை மட்டும் ஒரு கிண்ணத்தில் எண் போட்டு என் மேஜைக்குக் கொண்டுவருவார். யார் முட்டை எது என்று எனக்குத் தெரியாது. சார் நல்ல மனிதர். கூடு விழுவது என் மேஜையிலிருந்தே தெரியும் என்பதோ, முட்டைகளுக்கு முகம் உண்டு என்பதோ அவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

போட்டியன்று காலை முதல் ஷிஃப்டில் ஒரே எடையாக இருபது முட்டை பொறுக்கினேன். எல்லாம் ஓடு திடமானவை. பெட்டியை மூடப் போகும்போது வரிசையில் அது வந்தது. கூரான பக்கத்தில் அரைப்பொட்டு அளவு அடர்ந்த பழுப்பு மச்சம். வெளிச்சத்தில் ஓடு முழுக்கத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கிழட்டுக் கோழியின் முட்டை, ஓடு காகிதம் மாதிரி மெலிந்தது. அந்த மாதிரி முட்டை பெட்டிக்குப் போகாது, உடைத்து ஊற்றும் வாளிக்குத்தான் போகும். நான் அதை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கை அறியாமல் இல்லை. என் பெண்ணின் முட்டை உடைய வேண்டும். தையல்காரியின் கூட்டில் உடைய வேண்டும். அதை என் பெண் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பள்ளிக்கூட வராண்டாவில் மேஜை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு முட்டை வாங்கிக்கொண்டார்கள். என் பெண்ணின் முறை வந்தது. அப்போதுதான் பையிலிருந்ததை எடுத்து, அவளுடையதைப் பைக்குள் போட்டேன். பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் அம்மா துணியில் எழுதிய எங்கள் கம்பெனிப் பெயரைச் சுவரில் நேராக மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"நல்ல முட்டையா குடும்மா" என்றாள் என் பெண், கொஞ்சம் சிரித்தபடி. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எல்லாம் நல்ல முட்டைதான்" என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். கூப்பிட்டு மாற்றிக் கொடுத்திருக்கலாம். கூப்பிடவில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து ஒவ்வொரு கூடாக விழ ஆரம்பித்தது. அட்டைப் பெட்டி, பந்து, பஞ்சு அடைத்த டப்பா, பொரி நிரப்பிய பை. சார் திரைக்குப் பின்னால் பிரித்து, கிண்ணத்தைக் கொண்டுவருவார். பாதிக்கு மேல் நான் பார்க்கவே வேண்டியதில்லை, வழிந்துகொண்டு வந்தன. முழுசாக வந்தவற்றை டார்ச் விளக்கில் பார்த்தேன், ஒரு நல்ல முட்டையோடு தட்டிக் கேட்டேன். "நல்லது", "கீறல்" என்று நான் சொல்ல, சார் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் அம்மா பக்கத்தில் கைகட்டி நின்றார்.

பதினோராவதாக அந்த உறிஞ்சுகுழல் கூடு விழுந்தது. சத்தமே இல்லை. தரையில் பட்டு, நசுங்கி, எழும்பி, இரண்டு தடவை குதித்து ஓய்ந்தது. கீழே நின்ற தையல்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முட்டை உடையாமல் இருக்க வழியே இல்லை என்று எனக்குத் தெரியும். பாய் விரித்து அதன்மேல் வைத்தால்கூட உடையக்கூடிய முட்டை அது.

கிண்ணம் வந்தது. உள்ளே மச்சத்தோடு முழுசாக உட்கார்ந்திருந்தது.

டார்ச்சை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். திட்டுத் திட்டாக வெளிச்சம் கசிந்தது. கீறல் மட்டும் இல்லை. மேஜைக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். மாடியிலிருந்து ஓடிவந்த என் பெண் மூச்சு வாங்க அங்கே வந்து நின்றாள். பக்கத்தில் தையல்காரி.

இன்னொரு தாயாக இருந்தால் அந்த நேரத்தில் மனம் குளிர்ந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. வாளிக்குப் போக வேண்டிய முட்டையை ஒரு காலுறைத் துணியில் போட்டுக் காப்பாற்றிவிட்டாள். என்னால் எட்டு அட்டை அடுக்கியும் முடியவில்லை.

எடுத்துத் தட்டினேன். கணீரென்றது.

நல்லது என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால், என் பெண் அந்தத் தையல்காரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோடு தாண்டும்போதுகூட என் கையைப் பிடிக்க விடாதவள். விரலோடு விரல் கோத்து, பயத்தில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

"என்ன அக்கா, தப்பிச்சிருச்சா?" என்றாள் தையல்காரி.

மறுபடி ஒருமுறை தட்டினேன். ஓங்கித் தட்டினேன் என்று சொல்லமாட்டேன். தேவையான அளவு தட்டினேன். கட்டைவிரலில் ஈரம் பட்டது.

"பதினொன்னு, கீறல்" என்றேன். சார் எழுதிக்கொண்டார். மீதி ஒன்பது முட்டையையும் ஒழுங்காகப் பார்த்து, உள்ளது உள்ளபடி சொன்னேன். தொண்ணூறு கிராம் பெட்டி செய்த வேறொரு பெண்ணுக்குப் பரிசு போனது.

கூட்டம் கலைந்தது. கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பெண் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அழுத முகமில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டாவது தடவ ஏன்மா தட்டின?"

"சந்தேகமா இருந்துச்சு."

"உனக்கா?"

நான் கிண்ணத்தைத் துடைத்தேன்.

"லீவு நாளெல்லாம் உன் ஃபேக்டரில உன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து முட்டை தட்டுறதக் கேட்டவ நான். மொதல்ல நல்லாத்தான் கேட்டுச்சு. நீயும் கேட்ட."

"மெதுவாப் பேசு. சூப்பர்வைசர் நிக்கிறாங்க."

"பயப்படாத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. என்ன இருந்தாலும் நான் பெற்றவள், விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தொடப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"சொன்னா உனக்கு வேலை போயிடும்" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "வேலையும் இல்லாம நீ தனியா உக்காந்திருந்தா, உன்ன விட்டுட்டு என்னால போக முடியாது. அதுக்காகத்தான் சொல்லல. இன்னைக்கு அப்படியே அப்பா வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான்."

சொல்லிவிட்டு நடந்தாள். வாசல் பக்கம் தையல்காரி நசுங்கின கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தாள்.

நான் துண்டைக் கீழே போட்டேன். பட்டியலை மடித்துக்கொண்டிருந்த இயற்பியல் சாரிடம் நேராகப் போனேன். சூப்பர்வைசர் அம்மாவும் அங்கேதான் நின்றார். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சார், பதினோராம் நம்பர் முட்டை நல்லா இருந்துச்சு. உடைச்சது நான். வேணும்னுதான் உடைச்சேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். சூப்பர்வைசர் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் இடத்தில் கைதவறி உடைத்ததை மறைத்தாலே அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். இது கைதவறியதுகூட இல்லை. "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்று அவர் சுவரில் மாட்டிய துணியைக் கழற்றப் போனார். சார் மட்டும், இவ்வளவு பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று என்னிடம் தழுதழுத்தார். தையல்காரி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க மனசு யாருக்கு வரும் அக்கா" என்று அழுதாள். எல்லோரும் என்னை நல்லவள் என்று நம்பிவிட்டார்கள்.

என் பெண் நம்பவில்லை. வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. அந்த மாதிரி வெறுப்போடு என்னை யாரும், என்னை விட்டுப் போனவர்கூட, பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்து, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.